கழிமுகம் வரை வந்த ஏரித் தூண்டில்

செங்கல்பட்டில் கடிகாரம் பழுதுபார்ப்பவனிடம் மீன்பிடி ரீல் எதற்கு வருகிறது என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்பதுண்டு. ரீலை ஒழுங்காகச் செய்தவர்களே கடிகாரக்காரர்கள்தான் என்று சொன்னால் நம்பமாட்டார்கள்.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பாரிஸ் என்றொரு சிற்றூர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கடிகார வேலையும் வெள்ளி வேலையும் பார்த்தவர் ஜார்ஜ் ஸ்னைடர். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் நூல் உருளை பல சுற்றுச் சுற்றும்படி பல்சக்கரம் வைத்து ரீல் செய்தார். அவர் குறி, பாஸ் என்னும் நன்னீர் மீன். நம் விராலைப் போலவே அதுவும் களைக்குள் பதுங்கிக் கிடந்து இரைமேல் பாயும். 1830களில் அதே மாநிலத்தின் பிராங்க்ஃபர்ட் நகரில் இந்த வேலையை எடுத்துக்கொண்ட மீக் சகோதரர்களும் கடிகாரக்காரர்களே. சுவீடனின் ஆபு நிறுவனம் 1921இல் கடிகாரத் தொழிற்சாலையாகத் தொடங்கியது. பிறகு டாக்சி மீட்டர் செய்தது. உலகப்போரில் மீட்டர் வியாபாரம் படுத்ததும் ரீலுக்கு மாறியது. இன்று பலர் கையில் இருக்கும், உருளை அசையாமல் நூல் மட்டும் கழன்று ஓடும் ரீலுக்கு 1905இல் காப்புரிமை பெற்றவர் இங்கிலாந்தின் நெசவாலை முதலாளி ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த். அவருடைய குறியும் ஆற்று மீன்தான். ஆக, என் மேசைக்கு உப்புப் பூத்து வரும் ரீல்களின் முன்னோர்கள் கடலுக்காகப் பிறந்தவர்கள் அல்லர்.

நம் பக்கத்துத் தூண்டிற்கோலும் அப்படித்தான். தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில் ஒரு பாணன் குளத்தில் தூண்டில் போடுகிறான். தோல்பையில் பச்சை இறைச்சி, நீண்ட மூங்கில் கழி, அதில் கட்டிய நாண், வளைந்த இரும்பு முள் என்று அவன் சாமான் முழுவதையும் புலவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார் சொல்லிவிடுகிறார். இரையைக் கவ்வித் தப்பிய வாளை, பிறகு நீரோரப் பிரம்பின் நிழல் அசைந்தாலும் மிரள்கிறது. முள் ஒருமுறை உறுத்திய மீனைப் பற்றித் தூண்டில்காரன் யாரும் இதைவிடச் சரியாகச் சொல்லிவிட முடியாது. அதே பாட்டு சற்றுத் தள்ளி நீர்ப்பெயற்று என்ற துறைமுகத்துக்குப் போகிறது. அது மாமல்லபுரம்தான் என்று கருதும் அறிஞர்கள் உண்டு.

கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள குப்பங்களில் தொழிலுக்குக் கோல் கிடையாது. கட்டுமரத்தில் நின்று துடுப்புப் போடுகிறவனுக்கு நீளக் கழி ஒரு தொல்லை. முதல் அலையிலேயே அடித்துக்கொண்டு போய்விடும். அவனுடையது வலை, கைத்தூண்டில், ஒரே கயிற்றில் வரிசையாக முள் தொங்கும் ஆயிரங்கால் தூண்டில். வெள்ளைக்காரர்களிலும் கோலை ஏரியோடு சேர்த்துப் பார்த்தவர் உண்டு. மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி எச்.எஸ். தாமஸ் 1887இல் ஏரி, குளத் தூண்டிலுக்கென்றே தனிப் புத்தகம் எழுதினார்.

நான் வளர்ந்தது கொளவாய் ஏரிப் பக்கம். மூங்கில் கழி, தங்கூஸ் நரம்பு, மயிலிறகுத் தண்டில் தக்கை, மண்புழு. விராலுக்கு மட்டும் உயிருள்ள தவளை. டூபான்ட் நிறுவனம் 1938இல் அறிவித்த நைலான் எங்கள் கைக்கு வந்தபோது அதன் பெயர் தங்கூஸ் ஆகியிருந்தது. ரீல் பிற்பாடு வந்தது. அத்தோடு பாஸ் பிடிக்கச் செய்த ரப்பர் தவளையும், ஏழடி ராடும், பின்னல் நூலும் வந்தன. விரால் தாமரைக்கொடிக்குள் புகுந்தால் களையோடு சேர்த்து இழுக்கவேண்டும். அதனால் ராடு விறைப்பாக இருக்கும், நூலும் பலமாக இருக்கும்.

இந்தச் செட்டைக் கடற்பக்கம் அழைத்துப் போனது கொடுவா. கழிமுகத்திலும் நன்னீரிலும் வளர்ந்து, முட்டையிட உப்பு நீருக்குப் போகும் மீன். முதலில் ஆணாக இருந்து, பெருத்தபின் பெண்ணாக மாறும். முட்டுக்காட்டில் மழைக்கால வெள்ளம் மணல்திட்டை உடைத்து முகத்துவாரத்தைத் திறக்கும். கோடையில் மணல் மறுபடி மூடும். மாமல்லபுரத்துக்குப் பின்னால் பக்கிங்காம் கால்வாய் ஓடுகிறது. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் நிவாரண வேலையாக ஆட்களை வைத்து வெட்டி நீட்டித்து, அன்றைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயரை வைத்த கால்வாய். இந்த இரண்டு நீரிலும் கொடுவா பாலத் தூணையும் கல்லையும் ஒட்டி நின்று இரைக்குக் காத்திருக்கும். ஏரியில் விரால் செய்வதும் இதைத்தான். அதனால் விரால் ராடு இங்கே தடுமாறவில்லை. ஒன்றை மட்டும் மாற்றவேண்டியிருந்தது. கொடுவாவின் செவுள்மூடி கத்திபோல் நறுக்கும். முள்ளுக்கு மேலே ஒரு முழமாவது தடித்த நரம்பு போடாவிட்டால் தலையை உதறியே அறுத்துக்கொண்டு போய்விடும்.

தடுமாறியது ரீல். உப்புத் தண்ணீர் காய்ந்தாலும் உப்பு போவதில்லை. பேரிங் குண்டுகளுக்கு நடுவில் படிகமாகித் தங்கி, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அலுமினியச் சட்டத்தில் எஃகுத் திருகு இறங்கும் இடத்தில் உப்புநீர் பட்டால் மின்கலம்போல் வேலை செய்து அலுமினியத்தைத் தின்னும். வெள்ளைப் பொடி பூத்து, திருகு கழற்ற வராது. பித்தளைப் பல்சக்கரம் பச்சை பிடிக்கும். ஏரிக்கான ரீலில் இதையெல்லாம் தடுக்கும் அடைப்பு குறைவு. அதனால்தான் விலையும் குறைவு.

கொண்டு வருகிறவர்களிடம் நான் சொல்வது இவ்வளவுதான். வீட்டுக்குப் போனதும் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். குழாயைப் பீய்ச்சி அடித்தால் உப்பு உள்ளே போகும், கிரீஸ் வெளியே வரும். மீன் இழுக்கும்போது நூலை இறுக்கி விடும் டிராக்கைத் தளர்த்தி வையுங்கள். இறுக்கியே வைத்தால் தட்டுகள் ஒட்டிக்கொள்ளும், பெரிய மீன் இழுக்கும்போது நூல் விடாது. பேரிங்கைக் கழற்றி எண்ணெய் போட்டு வாங்கிப் போங்கள். கடிகாரத்துக்குச் செய்வதற்கும் இதற்கும் வேறுபாடு எண்ணெயின் அளவில்தான்.

கடற்கரையில் இந்தச் செட்டுக்கு ஓர் எல்லை உண்டு. தேவனேரி மணலில் நின்று அலையைத் தாண்டி எறிய ஏழடி ராடு போதாது. நூல் நுரையிலேயே விழுந்து கரைக்குத் திரும்பிவரும். அங்கே பத்தடிக்கு மேல் வேண்டும், ஈயக்குண்டும் கனமாக வேண்டும். படகில் போய் வஞ்சிரம் இழுப்பது வேறு தொழில். நீரின் உப்பைப் பார்த்து ராடு வாங்குகிறவர்கள், எறியவேண்டிய தூரத்தையும் மீன் ஒளியும் இடத்தையும் பார்த்து வாங்கினால் பாதிச் செலவு மிஞ்சும்.

இப்போது போக்குவரத்து எதிர்த்திசையிலும் நடக்கிறது. முட்டுக்காட்டிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் ஆய்வு நிலையம் 1997இல் இந்தியாவில் முதன்முறையாகக் கொடுவாவை அடைப்பில் வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்தது. அந்த மீன் நன்னீர்க் குளத்திலும் வளர்க்கப்படுகிறது. கடலோரம் போய்ப் பழகிய விரால் ராடு, அங்கே கற்றுக்கொண்ட தடித்த நரம்போடு, கொடுவாவுக்காகக் குளத்துக்குத் திரும்புகிறது. அப்படிக் குளத்துக்குப் போய்வரும் ரீல்களைத் திறந்தால் உள்ளே சேறும் பாசியும்தான் இருக்கும். அவற்றுக்கு நான் பாதிக்கூலிதான் வாங்குகிறேன்.