காட்டில் யாருக்குப் பங்கு?

திருப்பதி என்றால் நமக்கெல்லாம் பெருமாளும் லட்டும்தான். எனக்கோ, வங்கிக்காரன் புத்தி, அந்த மலைக்காட்டின் வரவு செலவில் ஒரு கண்.

சித்தூர் 1911 வரை வட ஆற்காடு ஜில்லாவில் இருந்தது. 1882-ல் வந்த சென்னை வனச் சட்டம் காடுகளை 'ரிசர்வ்' ஆக்கியது. ஆடு மேய்க்கவும் விறகு வெட்டவும் சர்க்கார் அனுமதி வேண்டும். பக்கத்துக் கிராமத்தான் ஒரே நாளில் அந்நியனாகிப் போனான்.

நூறு வருஷம் கழித்துத்தான் புத்தி வந்தது. 1992-ல் ஆந்திர அரசு 'வன சம்ரக்ஷண சமிதி'களைத் தொடங்கியது. 1994-ல் உலக வங்கிக் கடனும் வந்தது. கிராமத்தார் காவல் காக்க வேண்டும்; பதிலுக்கு விளைச்சலில் பங்கு. வேர் உயிரோடிருந்தால் போதுங்க, வெட்டிய அடிக்கட்டையே மறுபடி துளிர்க்கும்.

ஆனால் கடன் திட்டத்துக்கு முடிவுத் தேதி உண்டு. காட்டுக்கு?

2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் போலீஸ் சுட்டதில் இருபது பேர் இறந்தார்கள். செம்மரம் வெட்டப் போனவர்கள் என்றது போலீஸ். போலி மோதல் என்றன மனித உரிமை அமைப்புகள். இறந்தவர்கள் நம் தமிழ்நாட்டு ஏழைகள். மரத்தின் லாபம் வேறெங்கோ போனது.

2006 வன உரிமைச் சட்டம் காட்டைக் காக்கும் உரிமையையே கிராமசபைக்குத் தருகிறது. திட்டம் தரும் பங்கு சலுகை. சட்டம் தருவதுதான் சொத்து. எந்த வங்கிக்காரனைக் கேட்டாலும் சொல்வான், சொந்தக்காரன்தான் ராத்திரி விழித்திருப்பான்.