கூரை நம்முடையது, மீட்டர் யாருடையது?

நியூ ஜெர்சி எடிசனில் ஒரு வீடு, கலிஃபோர்னியா ஃப்ரீமான்ட்டில் ஒரு வீடு, டெக்சாஸ் பிளேனோவில் ஒரு வீடு. மூன்று கூரையிலும் ஒரே மாதிரி சோலார் பேனல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதியம் மிஞ்சும் மின்சாரத்துக்கு ஒரு யூனிட்டுக்குக் கிடைக்கும் விலை மட்டும் மூன்று இடத்திலும் மூன்று விதம். வேலைக்காக மூன்று பக்கமும் போய்வருகிறவன் என்பதால், ஏன் இப்படி என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். வெயிலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இது பழைய கதை.

ரோட் ஐலண்ட் மாநிலத்து மின் நிறுவனம் ஒன்று, எல்லைக்கு அந்தப் பக்கம் மாசசூசெட்ஸில் இருக்கும் ஆட்டில்போரோ நிறுவனத்துக்கு மின்சாரம் விற்றுவந்தது. அந்த விலையை ரோட் ஐலண்ட் ஆணையம் உயர்த்தியது. எல்லை தாண்டும் விற்பனையில் மாநிலம் கைவைக்கக்கூடாது என்று 1927இல் உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது. அப்படியானால் யார் கைவைப்பது? அதற்கு அப்போது சட்டமே இல்லை. 1935இல் காங்கிரஸ் பங்கு பிரித்தது: மாநிலம் தாண்டும் மொத்த விற்பனை வாஷிங்டனுக்கு, வீட்டுக்கு வரும் சில்லறை விற்பனை மாநிலத்துக்கு. நம் வீட்டு மீட்டர் அன்றே மாநிலத்தின் கைக்குப் போய்விட்டது. (இந்தியாவில் மின்சாரம் பொதுப்பட்டியலில் இருக்கிறது. தமிழ்நாடும் 2012இல் தனக்கென்று ஒரு சோலார் கொள்கை போட்டது.)

டெக்சாஸ் மின் நிறுவனங்கள் அந்தச் சட்டத்தைக் கவனமாகப் படித்தன. எல்லை தாண்டினால்தானே வாஷிங்டன் வரும்? தாண்டாமலே இருந்துவிட்டால்? இன்றுவரை மாநிலத்தின் பெரும்பகுதிக்குத் தனி மின்கட்டமைப்புதான். அதற்கு விலையும் கொடுத்தார்கள். 2021 பிப்ரவரிப் பனியில் மின்நிலையங்கள் உறைந்து நின்றபோது, வெளியிலிருந்து மின்சாரம் கொண்டுவரப் போதுமான கம்பிகள் இல்லை. 200க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

ஆனால் அதே தனிமை வேறொன்றுக்கும் உதவியது. 2005இல் ஒரு சட்டம் போட்டு, மேற்கு டெக்சாஸ் காற்றாலைகளுக்காக ஏறத்தாழ 700 கோடி டாலரில் மின்தடங்கள் அமைத்தார்கள். பக்கத்து மாநிலத்தோடு பேரம் பேச வேண்டியிருக்கவில்லை. பின்னால் வந்த பெரிய சோலார் பண்ணைகளுக்கும் அந்தத் தடங்கள் கைகொடுத்தன. வீட்டுக்கூரைக்கு மட்டும் மாநிலம் முழுவதற்குமான நெட் மீட்டரிங் கட்டாயம் கிடையாது. பிளேனோ வீட்டுக்காரர் எந்த நிறுவனத்திடம் மின்சாரம் வாங்குகிறாரோ, அது தருவதுதான் விலை.

நியூ ஜெர்சி போன வழி வேறு. 1999 சட்டத்தால் நெட் மீட்டரிங் வந்தது: கொடுத்த யூனிட்டை வாங்கிய யூனிட்டில் கழித்துக்கொள்ளலாம். 2004 முதல், சோலாரில் எடுக்கும் ஒவ்வொரு 1000 யூனிட்டுக்கும் ஒரு சான்றிதழ். மின்சாரம் விற்கும் நிறுவனங்கள் அதை வாங்கியாக வேண்டும். 2011இல் ஒரு சான்றிதழ் 600 டாலருக்கு மேல் போனது. அவ்வளவு சின்ன மாநிலம், சோலாரில் கலிஃபோர்னியாவுக்கு அடுத்த இடத்தில் நின்றது! தெருவில் மின்கம்பத்துக்கு ஒன்றாகப் பேனல் மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதுவும் 2009இல் தொடங்கியதுதான். ஆளாளுக்குப் பேனல் போட, சான்றிதழ் குவிந்து, 2012இல் விலை நூறு டாலர் அளவுக்கு விழுந்தது. அந்த வருடமே ஆளுநர் கிறிஸ்டி புதுச் சட்டத்தில் கையெழுத்திட்டுச் சந்தையைத் தூக்கி நிறுத்தினார்.

ஒரு சின்ன வேடிக்கை: 1999இல் நியூ ஜெர்சியின் விட்மன், 2005இல் டெக்சாஸின் பெரி, 2006இல் கலிஃபோர்னியாவின் பத்து லட்சம் சோலார் கூரைத் திட்டத்துக்குக் கையெழுத்திட்ட ஷ்வார்ஸ்நேகர், எல்லாருமே ரிபப்ளிகன்கள்.

கலிஃபோர்னியா 1995லேயே நெட் மீட்டரிங் கொண்டுவந்துவிட்டது. பேனல்கள் பெருகப் பெருக, மதியம் மின்சாரம் வழிந்தது. வெயில் இறங்கியதும் தட்டுப்பாடு வந்தது. அந்த வரைபடம் வாத்து போல இருப்பதால் இன்ஜினியர்கள் அதை ‘வாத்து வளைவு’ என்கிறார்கள். பேனல் இல்லாதவர்கள், குறிப்பாக வாடகை வீட்டில் இருப்பவர்கள், கம்பிகளின் செலவைக் கூடுதலாகச் சுமக்கிறார்கள் என்று மாநில ஆணையம் சொன்னது. 2022 டிசம்பரில், புதிதாகப் பேனல் போடுபவர்கள் கொடுக்கும் மின்சாரத்தின் விலையை ஏறத்தாழ 75 சதவீதம் குறைத்தது. குறைத்த காரணம் நியாயம், ஒரே அடியாக அடித்தது நியாயமில்லை என்பது என் கருத்து.

வாஷிங்டன் வீட்டுக்காரர்களுக்குக் கொடுத்துவந்த 30 சதவீத வரிச்சலுகையும் 2025 டிசம்பர் 31உடன் நின்றுவிட்டது. எனவே இனி கணக்கைத் தீர்மானிக்கப்போவது பெரும்பாலும் மாநில ஆணையம்தான். மூன்று மாநிலங்களிலும் ஆணையத்தில் ஐந்தைந்து இடங்கள், மூன்றிலும் நியமிப்பவர் ஆளுநர். கலிஃபோர்னியாவின் அந்த டிசம்பர் முடிவுக்கு ஐந்து பேரும் ஒருமனதாக வாக்களித்தார்கள்.