அம்பை நெல் இரகங்கள்

தாமிரபரணி, சிற்றாறு பாசன வயல்களை மனத்தில் வைத்து அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய இரகங்களே அம்பை நெல். ஆவணங்களில் இவை ஏஎஸ்டி என்ற எழுத்துகளோடு வரிசை எண் பெறும். விவசாயிகள் வாயில் ‘அம்பை 16’ போல வழங்கும். 1937இல் தொடங்கிய இந்நிலையம் இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகும்வரை அம்பாசமுத்திரமும் தென்காசியும் திருநெல்வேலி மாவட்டத்திலேயே இருந்தன.

இங்கே நெல்லுக்கு இரண்டு போகம். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்று ஜூனில் குற்றாலத்தில் சாரலைத் தொடங்கி வைக்கிறது. சிற்றாற்றில் வரும் அந்தத் தண்ணீரில் கார் சாகுபடி நடக்கிறது. வடகிழக்குப் பருவமழையை நம்பியது பிசானம். இரண்டுக்கும் ஒரே நெல் சரிப்படாது. பகல் நீளத்துக்குக் கட்டுப்பட்ட பழைய சம்பா வகைகளை ஜூனில் விதைத்தால், பகல் குறுகும்வரை பூக்காமல் நிற்கும். காருக்கு வேண்டியது 110 நாளையொட்டி முற்றிவிடும் பயிர். வெளிச்சமும் ஒரு சிக்கல். மணியில் சேரும் மாவுப்பொருளின் பெரும்பங்கு கதிர் வந்தபின் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் உண்டாவது. குற்றாலத்துக்கு வருபவர் விரும்பும் அதே மேகமூட்டம் கதிர் பிடிக்கும் நாள்வரை நீடித்தால் பதர் கூடும். இந்த மண்ணுக்கு வேண்டிய நெல்லை வேறு ஊரிலிருந்து அப்படியே கொண்டுவர முடியாததற்கு இதுவே காரணம்.

கோயம்புத்தூரில் 1912இல் தொடங்கிய நெல் இனவிருத்தி நிலையம் காட்டிய வழியிலேயே அம்பையின் தொடக்க காலப் பணியும் நடந்தது. உழவர் வயல்களின் நாட்டு நெல்லில் சிறந்த செடிகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றின் விதையையும் தனித்தனியே பெருக்கி, நிலையான வழிகளைப் பிரித்தெடுத்தார்கள். மணியின் சீர்மையும் பருவப் பொருத்தமும் இதில் கிடைத்தன; விளைச்சல் ஓர் எல்லையைத் தாண்டவில்லை. உயரமான செடிக்கு உரம் கூட்டினால் தண்டு நீண்டு, கதிர் கனத்து, பயிர் சாய்ந்துவிடும்.

இதே முட்டுக்கட்டை கோதுமையிலும் இருந்தது. நார்மன் போர்லாக் மெக்சிகோவில் உருவாக்கிய குட்டைக் கோதுமையை எம். எஸ். சுவாமிநாதன் உள்ளிட்டோர் 1960களில் இந்திய வயல்களுக்கு ஏற்றதாக்கினர். நெல்லில் அந்தத் திருப்பம் 1966இல் பிலிப்பைன்ஸின் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ஐஆர் 8 மூலம் வந்தது. அதன் குட்டைத்தன்மைக்குக் காரணமான மரபணு, தண்டை நீட்டும் ஜிப்பரெல்லின் ஊக்கிப்பொருளின் உற்பத்தியைக் குறைக்கிறது என்பது 2002இல் தெளிவானது. செடியின் மொத்த எடையில் மணியின் பங்கு பத்தில் மூன்றாக இருந்தது, குட்டை நெல்லில் ஏறக்குறைய பாதியாயிற்று.

அந்தக் குட்டைத்தன்மையைத் தென்பாண்டிப் பருவத்துக்கு இசைத்ததுதான் அம்பையின் பெரிய சாதனை. ஏடிடி 31, கோ 39 என்ற இரண்டு நெல் இரகங்களையும் கலந்து பெற்ற ஏஎஸ்டி 16, 1986இல் வெளிவந்தது. 110 முதல் 115 நாள் வயது, எக்டேருக்கு 5.5 டன் அளவில் விளைச்சல். குண்டான வெள்ளை அரிசி. இட்லிக்கும் சோற்றுக்கும் ஏற்ற இந்த அரிசிக்கு அண்டை மாவட்டங்களிலும் வரவேற்பு கிடைத்தது. 1991இல் ஏஎஸ்டி 18 வந்தது. 19, 20 எண்ணிட்டவை அதே பத்தாண்டில் தொடர்ந்தன.

ஆனால் உலக நெல் ஆய்வில் அம்பையின் பெயரை நிறுத்தியது இவற்றுள் எதுவுமல்ல, பழைய ஏஎஸ்டி 7. குட்டை நெல் நெருங்கி வளர, தழைச்சத்து கூட, தண்டின் அடியில் சாறு உறிஞ்சும் புகையான் என்ற பூச்சி 1970களில் ஆசிய நாடுகளில் வயல் வயலாகப் பயிரைக் காயவைத்தது. புகையானைத் தாங்கும் மரபணுக்களைப் பற்றிய முதல் ஆய்வு 1971இல் வெளியானது. முட்கோ என்ற இந்திய நெல்லில் ஒன்றும், ஏஎஸ்டி 7இல் இன்னொன்றுமாக இரண்டு மரபணுக்களை அது காட்டியது. இரண்டாவதற்கு பிபிஎச் 2 என்று பெயர். அது முதல் புகையானின் எந்த உயிர்வகை எந்த நெல்லைத் தாக்குகிறது என்று பிரித்தறியும் சோதனைகளில் ஏஎஸ்டி 7 ஓர் அளவுகோலாயிற்று. இதைத் தாக்கவல்ல பூச்சிகளே உயிர்வகை 3 எனப்பட்டன. விளைச்சலை மட்டும் கணக்கிட்டிருந்தால் ஒதுக்கப்பட்டிருக்கும் ஒரு நெல் இது. பழைய விதைகளைச் சேமித்து வைக்கும் வேலைக்குப் புதிய இரக வெளியீட்டுக்கு நிகரான மதிப்பு தரவேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

ஏஎஸ்டி 16இன் குறை நோய்த் தாக்குதல். மரபணுக் குறியீடுகளின் துணையோடு குலைநோய், பாக்டீரியா இலைக்கருகல், இலையுறைக் கருகல் ஆகியவற்றை எதிர்க்கும் மரபுக்கூறுகளை இதிலும் ஏடிடி 43 என்ற இரகத்திலும் ஒருங்கே சேர்த்த முயற்சியைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்டனர். மணியின் குணமும் பருவமும் மாறாதிருக்க, ஒவ்வொரு தலைமுறையிலும் மூல இரகத்தோடு திரும்பக் கலந்து தேர்வு செய்வதே இம்முறை.