எலிவளையிலிருந்து மனு வரை

அறுப்பு முடிந்த வயலின் வரப்போரத்தில் ஒரு வளை. அதன் வாயில் மண்சட்டியை வைத்து, உள்ளே வைக்கோலைக் கொளுத்தி, சட்டியின் அடித்துளையில் வாய்வைத்து ஊதுகிறார் இருளர் பழங்குடியைச் சேர்ந்த ஒருவர். புகை வளைக்குள் இறங்குகிறது. சற்று நேரம் கழித்துத் தோண்டினால் எலி கிடைக்கும். எலி சேர்த்த நெல்லும் கிடைக்கும். விழுப்புரத்திலிருந்து வளவனூர் வழியாகப் புதுச்சேரி போகும் சாலையின் இருபுறமும் நெல்லும் கரும்பும் விளைகின்றன. அந்த விளைச்சலில் இருளருக்கு நெடுங்காலம் கிடைத்துவந்த பங்கு, எலி தூக்கிப்போனதுதான்.

இருளர் பாம்பு பிடித்துப் பிழைத்துவந்த பாம்புத்தோல் வியாபாரம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் படுத்துவிட்டது. அரிசி ஆலை, செங்கல் சூளை, மரவெட்டு என்று குடும்பம் குடும்பமாகப் போனார்கள். கையில் வாங்கிய முன்பணம் கழியவே கழியாது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. சூளைக் கணக்கு நோட்டு அதைக் கண்டுகொள்ளவில்லை. குடியிருப்போ ஏரிக்கரைப் புறம்போக்கில். பட்டா கிடையாது.

ஊரில் எங்கே திருட்டு நடந்தாலும் காவல்துறை வண்டி முதலில் வந்து நிற்பது இந்தக் குடிசைகளின் முன்னால்தான்.

தென்னார்க்காட்டிலிருந்து விழுப்புரம் தனி மாவட்டமாகப் பிரிந்தது 1993 செப்டம்பர் 30-இல். அதே ஆண்டில்தான் ஒரு திருட்டு வழக்கைத் துரத்திக்கொண்டு எல்லை தாண்டி வந்த புதுச்சேரிக் காவலர்கள், அத்தியூர் கிராமத்து இருளர் இளம்பெண் ஒருவரைப் பாலியல் வன்கொடுமை செய்ததாகப் புகார் எழுந்தது. திண்டிவனம் அரசுக் கல்லூரிப் பேராசிரியர் கல்யாணி அந்தக் குடும்பத்தோடு நின்றார். பிற்காலத்தில் பிரபா கல்விமணி என்று அறியப்பட்டவர் இவர்தான். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 1996-இல், திண்டிவனத்தை மையமாக வைத்துப் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் உருவானது.

அத்தியூர் வழக்கில் ஆறு காவலர்களுக்கு விழுப்புரம் நீதிமன்றம் 2006-இல் பத்தாண்டுச் சிறை விதித்தது. மேல்முறையீட்டில் உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்துவிட்டது. ஆனாலும் காவலரைக் கூண்டில் ஏற்ற முடியும் என்பதை இருளர் கண்ணால் பார்த்துவிட்டார்கள். 2011 நவம்பரில் திருக்கோவிலூர்க் காவலர்கள்மீது இருளர் பெண்கள் நால்வர் துணிந்து புகார் கொடுத்தபோதும் சங்கம் உடன் நின்றது.

இருளர் என்ற பெயருக்கு இருட்டு நிறத்தார் என்று பொருள் சொல்பவர்கள் உண்டு. நிறத்தின் பெயரால் ஒதுக்கப்பட்ட இன்னொரு மக்கள் அமெரிக்காவில் சங்கம், வழக்கு என்று இதே வழியில்தான் போனார்கள். 1909-இல் தொடங்கிய கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கம், கும்பல் கொலைகளைக் கணக்கெடுத்து அச்சிட்டது, வழக்கு மேல் வழக்காகப் போட்டது, பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பை 1954-இல் வாங்கியது. அச்சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவரான டு பாய்ஸுக்கு அம்பேத்கர் 1946-இல் கடிதம் எழுதினார். அவர் கேட்டது, கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் படிகளை.

திண்டிவனத்துச் சங்கமும் மனுவை நம்பியே வளர்ந்தது. கொத்தடிமை மீட்பு, பட்டா, பொய் வழக்கு என்று எல்லாவற்றுக்கும் மனு. மிக அதிகமாக அலையவிட்டது சாதிச் சான்றிதழ். பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியர் கையெழுத்து போதும். பழங்குடியினருக்கு 1989 முதல் கோட்டாட்சியர் நிலையில்தான் சான்று. வளவனூர்ப் பக்கத்துப் பிள்ளை விழுப்புரத்துக்குப் போகவேண்டும், திண்டிவனம் பக்கத்துப் பிள்ளை சார் ஆட்சியர் அலுவலகத்துக்கு. அங்கே எழும் முதல் கேள்வி, அப்பாவின் சான்றிதழ் எங்கே என்பது. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத அப்பாவிடம் எந்தக் காகிதம் இருக்கும்? சாதிச் சான்றிதழ் என்ற அந்த ஒரு தாள் இல்லாமல் உதவித்தொகையும் இல்லை, கல்லூரியில் இடஒதுக்கீடும் இல்லை.

2021 நவம்பரில் இருளர் கதையைச் சொன்ன 'ஜெய் பீம்' படம் வந்தபோது, நடிகர் சூர்யா இருளர் கல்வி அறக்கட்டளைக்கு முதலமைச்சர் முன்னிலையில் ஒரு கோடி ரூபாய் வழங்கினார். அந்தப் படத்துக்கு அடிப்படையான முதனை கிராமத்துக் காவல் மரண வழக்கும் 1993-இல் நடந்ததே, ஆனால் அதில் பாதிக்கப்பட்டவர்கள் குறவர்கள்.

இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையைச் சேர்க்கும்போது பதிவேட்டில் 'இருளர்' என்று பிழையில்லாமல் எழுதிவையுங்கள். நாளை அதன் பிள்ளை கோட்டாட்சியர் முன் நிற்கும்போது, அப்பாவின் காகிதம் என்று காட்ட அந்த வரி இருக்கும்.