சார்லஸ் சம்னரும் அவர் பெயர் தாங்கிய பள்ளிகளும்

வக்கீல் தொழிலில் சார்லஸ் சம்னர் பெரிதாகச் சம்பாதித்தவரல்லர். 1811இல் பாஸ்டனில் பிறந்து ஹார்வர்டில் சட்டம் படித்த அவருக்கு, கட்சிக்காரர்களைவிடப் புத்தகங்களும் மேடையுமே பிடித்தன. ஆனால் 1849இல் அவர் வாதிட்ட ஒரு வழக்கு அவரையும் தாண்டி வாழ்ந்தது.

சாரா ராபர்ட்ஸ் ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி. வழியில் ஐந்து வெள்ளையர் பள்ளிகளைக் கடந்துதான் தனக்கென ஒதுக்கிய பள்ளிக்குப் போக வேண்டும். தந்தை பெஞ்சமின் வழக்குத் தொடுத்தார். கறுப்பின வழக்கறிஞர் ராபர்ட் மாரிஸும் சம்னரும் இணைந்து நடத்தினார்கள். பிரித்துவைப்பதே இழிவு, கட்டடம் எவ்வளவு நன்றாயிருந்தாலும் சமமாகாது என்பது சம்னரின் வாதம். 1850இல் தலைமை நீதிபதி லெமுவல் ஷா அதை ஏற்கவில்லை. ஐந்தே ஆண்டில் மாசசூசெட்ஸ் சட்டமன்றம் பள்ளிப் பிரிவினையைத் தடைசெய்தது. நீதிமன்றத்தில் தோற்றது சட்டமன்றத்தில் வென்றது என்றே சொல்ல வேண்டும்.

செனட்டர்களை அன்று மாநிலச் சட்டமன்றங்களே தேர்ந்தெடுத்தன. 1851இல் பல மாத இழுபறிக்குப்பின் ஒரே வாக்கில் சம்னர் தேர்வானார். 1856 மே மாதம் கான்சஸில் அடிமைமுறையைப் புகுத்தும் முயற்சியைச் சாடி இரண்டு நாள் பேசினார். சக செனட்டர் பட்லரைப் பற்றி அவர் பேசிய பேச்சில் நயத்தக்க நாகரிகம் இல்லை. அவரை ஆராதிப்பவர்களும் இதை ஒப்புக்கொள்ள வேண்டும். மே 22 அன்று பட்லரின் உறவினரான பிரஸ்டன் ப்ரூக்ஸ், அவை மண்டபத்திலேயே கைத்தடியால் சம்னரைச் சரமாரியாக அடித்தார். தரையோடு பொருத்திய மேசைக்குள் கால் சிக்க, அதைப் பெயர்த்துக்கொண்டு எழுந்தவர் நினைவிழந்து விழுந்தார். முழுமையாகப் பணிக்குத் திரும்ப மூன்றாண்டுக்கு மேலானது. இடையில் மாசசூசெட்ஸ் அவரையே மறுபடி தேர்ந்தெடுத்தது.

1861 முதல் பத்தாண்டு செனட்டின் வெளியுறவுக் குழுத் தலைவர். அதிபர் கிரான்டோடு மோதிப் பதவி இழந்தார். கடைசி ஆண்டுகள் முழுக்கக் கறுப்பினத்தவருக்கான குடிமை உரிமைகள் மசோதாவுக்கே. 1874 மார்ச்சில் சாகும் தறுவாயிலும் அதைப் பற்றியே பேசினார். மறு ஆண்டு அது நிறைவேறியது, பள்ளிகள் பற்றிய பிரிவு நீக்கப்பட்டு. 1883இல் உச்ச நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாதவை ஆக்கியது. ஷாவின் தீர்ப்போ 1896இல் அதே நீதிமன்றத்தின் ப்ளெஸ்ஸி வழக்கில் இனப் பிரிவினைக்கு ஆதாரமாக எடுத்தாளப்பட்டது.

அவர் பெயரைத் தாங்கிய பள்ளிகளின் கதை விசித்திரமானது. தலைநகர் வாஷிங்டனில் 1872இல், அவர் உயிரோடிருந்தபோதே, கறுப்பினக் குழந்தைகளுக்கெனத் தனியாக எழுந்தது ஒரு சம்னர் பள்ளி. கான்சஸின் டொபீகாவிலோ வெள்ளையருக்கு மட்டுமான பள்ளிக்கு அவர் பெயர். லிண்டா பிரௌன் என்ற கறுப்பினச் சிறுமியைச் சேர்க்க மறுத்தது அந்தப் பள்ளிதான். அதிலிருந்து கிளம்பிய வழக்கில்தான் 1954இல் உச்ச நீதிமன்றம், அன்று பாஸ்டனில் தோற்ற வாதத்தின் பக்கம் வந்து நின்றது. வாஷிங்டன் சம்னர் பள்ளி 1986 முதல் அருங்காட்சியகமாக, அந்நகரப் பொதுப்பள்ளிகளின் ஆவணக் காப்பகமாக இயங்குகிறது.