சுவரில் தொங்கும் வாளும் ஒரு மனிதரின் பெயரும்

ரொறன்ரோவில் வாழும் என் பல்கலைக்கழகக் காலத்து நண்பர் ஒருவரின் வீட்டு வரவேற்பறைச் சுவரில் ஒரு பழைய வாள் தொங்குகிறது. பல ஆண்டுகளுக்கு முன்னர் குடும்பத்துடன் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்துக்குச் சென்றிருந்தபோது, வீதியோரப் பழம்பொருட் கடையொன்றில் அதை வாங்கினாராம். "சிலுவைப் போர்க்காலத்து வாள், மச்சான்" என்று பெருமையோடு கழற்றி என் கையில் தந்தார்.

பிடியின் உச்சியில் கவசத் தலையணி அணிந்த வீரனொருவனின் தலை வார்க்கப்பட்டிருந்தது. அலகு முழுவதும் கொடிகளும் குதிரை வீரர்களுமாக நுண்ணிய சித்திர வேலைப்பாடு. ஆனால் வாளோ ஆளை ஏமாற்றும் அளவுக்கு இலேசானது. விரலால் தடவிப் பார்த்தேன். அது ஒருநாளும் தீட்டப்பட்டதில்லை. பூசணிக்காய்கூட வெட்ட முடியாது. பிடிக்குச் சற்றுக் கீழே சிறிய எழுத்துகளில் 'எம். சி. லில்லி அன் கோ, கொலம்பஸ், ஒகையோ' என்று பொறித்திருந்தது. சிலுவைப் போர்கள் நடந்த காலத்தில் கொலம்பஸ் என்னும் மனிதரே பிறந்திருக்கவில்லை; அவர் பெயரில் ஊர் எங்கிருந்து வரும்? நண்பரிடம் அப்போது அதைச் சொல்ல மனம் வரவில்லை. உணவு மேசையில் பேச்சைத் தொடங்கினேன்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865 இல் முடிவுற்றது. போர் ஓய்ந்தால் வாள் செய்வோருக்குப் பஞ்சம். ஆனால் அந்த நாட்டில் அப்படி நேரவில்லை. போர்க்களத்திலிருந்து திரும்பிய ஆண்கள் ஊருக்கு ஊர் சகோதரத்துவச் சங்கங்களில் சேர்ந்தார்கள். அச்சங்கங்களுக்குச் சீருடை, இறகு வைத்த தொப்பி, பதக்கம், கொடி, வாள் எல்லாம் தேவைப்பட்டன. லில்லி கம்பனி அதே 1865 இல் தொடங்கப்பட்டது. 'ஒட் ஃபெல்லோஸ்' என்னும் சங்கத்தாருக்கான சஞ்சிகை வெளியிடுவதே அதன் முதற்பணி. (ஆக, அவர்களும் நம் தொழிற்காரரே. பத்திரிகையை விட்டுவிட்டு வாள் விற்கப் போனதால் செழித்தார்கள்.) 1897 இல் வெளியான ஒரு கணக்கின்படி, அமெரிக்காவின் வயதுவந்த ஆண்கள் சுமார் 1 கோடியே 90 இலட்சம் பேர், சங்கங்களின் அங்கத்தவர் தொகையோ சுமார் 54 இலட்சம். ஒருவரே பல சங்கங்களில் இருந்ததும் உண்டு.

இத்தனை பேரும் வேடம் போட்டு ஊர்வலம் போகவா சேர்ந்தார்கள்? அரசாங்கம் ஓய்வூதியம் தராத காலம் அது. தொழிற்சாலையில் கை போனால் குடும்பம் தெருவுக்கு வரும். சங்கத்தில் சந்தா கட்டியவன் நோயுற்றால் வாராந்தம் சிறு தொகை கிடைத்தது. இறந்தால் சகோதரர்கள் தோள் கொடுத்து அடக்கம் செய்தார்கள். விதவைக்கு உதவி போனது. நம்மூர் மரண சகாய நிதிச் சங்கங்களை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம்மவர் பாடையும் பந்தலும் வைத்திருந்தார்கள். அவர்கள் வாளும் வைத்திருந்தார்கள், அவ்வளவே.

எந்தச் சங்கத்தின் வாள் என்பதைச் சின்னங்களைக் கொண்டு அறியலாம். மூன்று சங்கிலி வளையங்கள் இருந்தால் ஒட் ஃபெல்லோஸ். சிலுவை பொறித்திருந்தால் பெரும்பாலும் ஃபிரீமேசன் மரபில் வந்த 'நைற்ஸ் டெம்பிளர்'. நண்பரின் வாளில் இருந்தவை எஃப், சி, பி என்ற மூன்று ஆங்கில எழுத்துகள். நட்பு, ஈகை, நல்லெண்ணம் ஆகிய மூன்று சொற்களின் முதலெழுத்துகள் அவை. 'நைற்ஸ் ஒஃப் பித்தியாஸ்' என்னும் சங்கத்துக்குரியவை.

அச்சங்கத்தை வாஷிங்டனில் அரசாங்க எழுதுவினைஞராக இருந்த ஜஸ்டஸ் ரத்போன் 1864 பெப்ரவரி 19 இல் நிறுவினார். உள்நாட்டுப் போரின் நடுவே, பகைத்து நின்றவர்களை நட்பால் இணைப்பது என்பதே அறிவிக்கப்பட்ட நோக்கம். அயர்லாந்து எழுத்தாளர் ஜோன் பனிம் எழுதிய 'டேமனும் பித்தியாசும்' நாடகம் அவரைக் கவர்ந்திருந்தது. சிரக்கூஸ் நகரத்துக் கொடுங்கோலன் நண்பர் இருவரில் ஒருவனுக்கு மரணதண்டனை விதிக்கிறான். அவன் வீடு சென்று திரும்பும்வரை மற்றவன் தன் உயிரைப் பிணையாக வைக்கிறான். கோப்பெருஞ்சோழனுக்காக வடக்கிருந்த பிசிராந்தையாரைப் படித்த நமக்கு அந்தக் கதை அந்நியமானதல்ல. 1870களின் பிற்பகுதியில் சங்கத்துக்குச் சீருடைப் பிரிவொன்று அமைந்தது. இத்தகைய வாள்கள் பெருகியது அதன் பின்னரே.

இந்த இடத்தில் நண்பரின் முகம் வாடிவிட்டது. வீரனுடைய வாள் என்று விருந்தினருக்கெல்லாம் காட்டியவருக்கு, அது எழுதுவினைஞர்களின் வாள் என்று கேட்க எப்படி இருக்கும்? அவருடைய மகள்தான் வாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாமா, இதில ஒரு பெயர் இருக்கு" என்றாள்.

வாங்கியவரின் பெயரை அலகில் பொறித்துக் கொடுப்பது அந்நாளைய வழக்கம். கீழே சங்கக் கிளையின் இலக்கமும் ஊரும் இருந்தன. அந்த மனிதரின் வழித்தோன்றல்கள் எங்கேனும் இருக்கக்கூடும் என்பதால் பெயரையும் ஊரையும் இங்கே எழுதவில்லை. அமெரிக்கக் குடித்தொகைக் கணக்கெடுப்பின் மூலப் பதிவுகள் 72 ஆண்டுகள் கழிந்ததும் பொதுமக்கள் பார்வைக்கு வந்துவிடுகின்றன. மகள் இணையத்தில் தேடி, 1910 ஆம் ஆண்டுப் பதிவேட்டின் படத்தைத் திரையில் கொண்டுவந்தாள். அச்சிற்றூரில் அப்பெயருடையவர் ஒருவரே. வயது 41. தொழில், புகையிரத நிலையத்தில் சுமை தூக்குதல். மனைவி, நான்கு பிள்ளைகள். 'நிறம் அல்லது இனம்' என்ற கட்டத்தில் ஓரெழுத்து மாத்திரம் இருந்தது: பி. கறுப்பினத்தவர் என்பதன் குறி.

பிறப்புச் சான்றிதழில் தந்தையின் இனம் என்ற கட்டத்தைச் சுமந்து திரிந்த தலைமுறை எங்களுடையது. நானும் நண்பரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

வெள்ளையரின் பித்தியாஸ் சங்கத்தில் அவர் சேர்ந்திருக்க முடியாது. பிலடெல்பியாவில் கறுப்பின மக்கள் கிளை அமைக்கக் கேட்ட அனுமதியை அதன் தலைமைச் சபை 1869 இலேயே மறுத்துவிட்டது. நட்பு, ஈகை, நல்லெண்ணம் ஆகிய மூன்றும் தோலின் நிறம் பார்த்தே வழங்கப்பட்டன. கறுப்பின மக்கள் காத்திருக்கவில்லை. மிசிசிப்பி மாநிலத்தின் விக்ஸ்பேர்க் நகரில் 1880 இல் தோமஸ் ஸ்ட்ரிங்கர் என்பவரின் தலைமையில் தாங்களே ஒரு பித்தியாஸ் சங்கத்தை நிறுவினார்கள். மூன்று எழுத்துகளும் சீருடையும் வாளும் அவர்களிடமும் இருந்தன. சங்கத்தின் முழுப்பெயரில் வட அமெரிக்கா, தென் அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியா, ஆபிரிக்கா, அவுஸ்திரேலியா எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு வாசலை மூடியவர்களுக்கு ஆறு கண்டங்களைப் பதிலாகச் சொன்ன அந்தக் குறும்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

வெள்ளையர் சங்கம் இதை நெடுங்காலம் பார்த்துக்கொண்டே இருந்தது. பின்னர் ஜோர்ஜியா மாநிலத்தில் வழக்குத் தொடுத்தது. பெயரையும் சின்னங்களையும் கறுப்பினத்தவர் பயன்படுத்தக் கூடாது, மக்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வர் என்பது வாதம். இரு இனத்தாரையும் ஒரே புகையிரதப் பெட்டியில் அமர விடாத மாநிலத்தில் எவர் எவரைக் குழப்பிக்கொள்வார்? ஆயினும் ஜோர்ஜியா நீதிமன்றங்கள் அந்த வாதத்தை ஏற்றன. வழக்கு வாஷிங்டனிலுள்ள உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது.

தீர்ப்பை எழுதியவர் பிரதம நீதியரசர் எட்வேட் டக்ளஸ் வைற். இளமையில் தென்மாநிலங்களின் படையில் போர்வீரராக இருந்தவர். 1896 இல் புகையிரதப் பெட்டிகளில் இனப்பிரிவினையைச் சட்டபூர்வமாக்கிய தீர்ப்பில் பெரும்பான்மையோடு நின்றவர். அவர்தான் 1912 ஜூன் 10 அன்று கறுப்பினச் சங்கத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். சமத்துவம் பற்றிய பிரகடனம் எதுவும் அதில் இல்லை. இத்தனை ஆண்டுகள் வாளாவிருந்துவிட்டு இப்போது தடைகேட்க உங்களுக்கு உரிமையில்லை என்பதே அதன் சாரம். காலதாமதம் என்ற வறண்ட காரணத்தால் கிடைத்த வெற்றிதான். இருந்தும் பெயர் அவர்களிடம் தங்கிற்று, பதக்கங்கள் தங்கின, வாள்களும் தங்கின.

தீர்ப்பு வெளியானபோது எங்கள் சுமைதூக்கும் தொழிலாளிக்கு வயது 43 ஆகியிருக்கும்.

நண்பர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு வாளை வாங்கி, சட்டை நுனியால் பெயர் இருந்த இடத்தைத் துடைத்தார். அதுவரை பெயர்ப் பக்கம் சுவரோடு ஒட்டியிருக்கும்படி தொங்கவிட்டிருந்தவர், இம்முறை திருப்பி மாட்டினார்.