'பாலிகர்' என்றொரு ஆங்கிலச் சொல்

ஆங்கிலத்தில் ஒன்றோடொன்று மயங்கும் சொற்களைத் தொகுத்துத் தரும் கையேடுகள் பழைய புத்தகக் கடைகளில் ஏராளம். நாம் வளர்ந்த ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தின் வரலாற்றையே குழப்பிய ஓர் இணைக்கு மட்டும் அவற்றில் இடமில்லை. 'பாலிகர்', 'ஜமீந்தார்' என்பவையே அச்சொற்கள்.

பாளையம் என்பது படை தங்கும் இடம். அதற்கு உரியவர் பாளையக்காரர். கும்பினி எழுத்தர்களின் கையில் பாளையம் 'பொல்லம்' ஆயிற்று, பாளையக்காரர் 'பாலிகர்' ஆனார். எழுத்துக்கூட்டலில் 'ஐ' இருந்த இடத்தில் 'ஒய்' புகுந்துகொள்ள, 'பல' என்று பொருள்படும் கிரேக்க முன்னொட்டின் சாயலும் ஒட்டிக்கொண்டது. அகர வரிசைப்படி அச்சொல் 'பாலிகமி'க்கும் 'பாலிகிளாட்'டுக்கும் நடுவே வந்து அமரும். பல ஊர்களுக்கு அதிபதி என்பதால் வந்த பெயர் போலும் என்று மாணவப் பருவத்தில் நாமும் எண்ணியதுண்டு. ராபர்ட் ஆர்ம் எழுதிய வரலாற்றில் ஸ்ரீவில்லிபுத்தூரே 'செவல்பெட்டோர்' என்று வரும்போது இதில் வியக்க ஒன்றுமில்லை.

ஒலி திரிந்தது நகைப்போடு போயிற்று. பொருள் திரிந்ததற்கு உயிர்களே விலையாயின.

விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் 72 பாளையங்களை வகுத்தனர் என்பது மரபு கூறும் செய்தி. பாளையக்காரர் மதுரைக்குத் திறை செலுத்தினார், அழைத்தபோது படையோடு சென்றார், ஊர்க்காவல் செய்து அதற்குரிய வரும்படியைப் பெற்றார், வழக்குத் தீர்த்தார். ஜமீந்தார் என்பதோ பாரசீகச் சொல். நிலமுடையவர் என்பது அதன் நேர்ப்பொருள். 1793க்குப் பின் வங்காளத்தில், குறித்த நாளில் குறித்த தொகையைக் கட்டவேண்டியவர் அவர். தவறினால் நிலம் ஏலத்துக்குப் போகும். திறையை வரியாகவே வாசித்த கும்பினிக்கு, நின்றுபோன திறை 'பாக்கி'யாகத் தெரிந்தது. பாக்கி வைத்தவர் கலகக்காரராகத் தெரிந்தார். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதன் பின்னணியில் இந்தக் கணக்கும் உண்டு.

1801இல் போர் அடங்கியது. டிசம்பர் 1 அன்று ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிவிப்பு விடுத்தார்: ஆயுதங்களை ஒப்படைக்கவேண்டும்; பதிலுக்கு ஜமீந்தாரி முறை வழங்கப்படும். 1803இல் திருநெல்வேலிச் சீமைக்கு நிரந்தரத் தீர்வை வந்தது. ராஜபாளையத்தை அடுத்த சேத்தூரும், அதற்குத் தெற்கே சிவகிரியும் ஜமீன்களாயின. பட்டம் ஏதோ உயர்ந்துவிட்டதுபோல் தோன்றும். படை போயிற்று, காவல் உரிமை போயிற்று, வரிக்கடன் மட்டும் நின்றது என்பதே உண்மை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன்களை ஒழிக்கும்வரை அந்நிலை நீடித்தது.

வழக்கொழிந்த 'பாலிகர்' போய்ச் சேர்ந்த இடம்தான் விந்தை. யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதி 'பாலிகர் நாய்' என்பதையும் குறிக்கிறது. நம் ஊர் வெள்ளை நாயை 'பாலிகர் ஹவுண்டு' என்று இன்றும் எழுதுவோர் உண்டு. 2005இல் அஞ்சல் துறை அதற்குத் தலை வெளியிட்டபோது ராஜபாளையம் என்ற பெயரையே பொறித்தது. நாய்க்குக் கிடைத்த இந்த நியாயம் அதன் எசமானருக்குக் கிடைக்கவில்லை.

ஆங்கிலேயரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. 'நெற்கட்டும்செவல் ஜமீந்தார் பூலித்தேவர்' என்று நம்மவரே மேடையில் முழங்கக் கேட்கிறோம். பூலித்தேவர் 1755இல் கர்னல் ஹெரானை எதிர்த்து நின்றவர். ஜமீந்தாரி முறை இச்சீமைக்கு வர அப்போது இன்னும் 48 ஆண்டுகள் இருந்தன.